மேனேஜர் வேஷம்

வாரத்தில் ஆறு நாள் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்றுவிட்டு, ஏழாம் நாளாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போனது. ராஜபாளையத்தில் எங்கள் வேதக்கோயில் பள்ளிக்கூடத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வாத்தியார் மாற்றலாகி வந்திருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மில்லில் வேலை பார்க்கிறவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்துவிடுவார். முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"மேனேஜர் முன்னால போனா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்க. இங்கனயே நடிச்சுப் பழகிக்கிடுங்க. ஒருத்தர் மேனேஜர், ஒருத்தர் தொழிலாளி" என்றார்.

பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் உட்கார ஒருவரும் வரவில்லை. விளையாட்டுக்குத்தான் என்று சொல்லியும் நழுவினார்கள். காலி நாற்காலியைப் பார்த்தே தோள் துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டியவர்களும் உண்டு. எனக்கு எரிச்சலாக வந்தது. சட்டென்று முடிந்தால் வீட்டுக்குப் போகலாமே என்று நான் போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து நான்தான் மேனேஜர்.

மேனேஜர் அறைக்குள் நான் அதுவரை எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் மேஸ்திரிதான். அவர் போடுகிற சத்தத்தை இரண்டு மடங்காக்கினால் மேனேஜர் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். மேசையைத் தட்டினேன், வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆறு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டதை ஏழாம் நாள் திருப்பிக் கொடுப்பதில் ஒரு சுகம் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

சோழபுரத்திலிருந்து ஒரு பெண் வருவாள். நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் இருந்தவள். பிரசவத்துக்குப் போய்விட்டு நாற்பது நாள் கழித்து வந்தால், அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். புருஷன் கொழும்புக்குப் பிழைக்கப் போனவன்; கடிதமும் இல்லை, காசும் இல்லை. மேனேஜரை நேரில் பார்த்து வேலையைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். அதற்குப் பழகத்தான் கைப்பிள்ளையோடு அத்தனை தூரம் நடந்து வந்தாள்.

முதல் வாரம் நான் ஓர் அதட்டல் போட்டதும் அழுதுவிட்டாள். இரண்டாம் வாரம் அழவில்லை, பேசவும் இல்லை. நாலாம் வாரம் நான் மேசையைக் குத்தி, "ஏட்டி, நீ இல்லைன்னா மில்லு நின்னுருமோ? உன் வேலைக்குப் பத்துப் பேரு கேட்டுக்கு வெளிய நிக்காக!" என்று கத்தினேன்.

"நிக்கட்டும்யா. என் கை ஓடுற வேகம் அவியளுக்கு வருமா? புள்ள பெத்தது ஒரு குத்தமா? என் வேலைய எனக்குக் குடுங்க" என்றாள், கண்ணைத் தாழ்த்தாமல்.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

அடுத்த நாளே அவளை மேனேஜரிடம் அழைத்துப்போனேன். துணைக்கு ஆள் வேண்டும் என்று வாத்தியார் என்னைத்தான் சொல்லியிருந்தார். உள்ளே போனதும் மேனேஜர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"வாம்மா. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு வெயில்லயா நடந்து வந்தே? உட்காரு. நீயும் உட்காருப்பா."

நாங்கள் இருவரும் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டோம். பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டார். பால் போதுகிறதா என்று கேட்டார். ஆள் அனுப்பிக் காப்பி வரவழைத்து, டம்ளரைத் தன் கையாலேயே எடுத்து நீட்டினார். குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"பச்சை உடம்பும்மா. வீட்டில இருந்து உடம்பைத் தேத்து. அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

"சரிங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டு எழுந்தாள். நானும் கும்பிட்டேன். வேலை என்ற சொல்லை இரண்டு பேரில் ஒருவரும் உச்சரிக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஏன் கேக்கல நீ?" என்றேன்.

"காப்பி குடுத்தாகளே அண்ணாச்சி. கை நனைச்ச எடத்துல எப்பிடிச் சண்ட போட? நீங்களுந்தான் குடிச்சீக."

நானும்தான் குடித்தேன். அன்று ஷிப்டு முழுக்க என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. கத்துகிறவனிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு மாதம் பழக்கியிருக்கிறேன். கத்தாத மேனேஜர் ஒருவர் இருப்பார் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் நான்தான் என்று பட்டது.

அவள் இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பிள்ளையை வாத்தியார் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டு, யாரையும் கேட்காமல் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நான் மேனேஜர். அண்ணாச்சி, நீங்க வேல கேளுங்க" என்றாள்.

நான் எதிரில் போய் நின்றேன். கேட்க வேண்டியதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"வாப்பா. உட்காரு. வீட்டில எல்லாரும் சவுக்கியமா? இருமுறியே, மருந்து எதுவும் சாப்பிடுறியா?"

குரலில் கேலி துளியும் இல்லை. என் இருமலை மில்லில் அதுவரை யாரும் விசாரித்ததில்லை.

"சவுக்கியந்தாங்க" என்றேன்.

"வேற என்னப்பா?"

வாயைத் திறந்தேன். வேஷம்தான், எதிரில் இருப்பது சோழபுரத்துப் பெண்தான் என்று தெரியும். தெரிந்தும் கை கும்பிடத்தான் எழுந்தது.

"ஒண்ணுமில்லைங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எழுந்து வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு என்ன பதில் சொல்லணும்னு சொல்லிக் குடுங்கய்யா. அடுத்த வாரமும் நடந்து வாரேன்" என்றாள்.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். மறுநாள் காலை நான் மில்லுக்குப் போனேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேவதானத்து வயலுக்கு நாற்று நடப் போனாள்.