பூட்டிக் கிடந்த ஆறு அறைகள்

சைப்பிரஸ் என்றால் வெயில் என்று எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்திருந்த வீட்டுக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். லண்டனில் அவருடைய வீட்டு மேல்மாடியில் ஓர் அறையில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே பழுகாமத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டாவது வருஷமும் லண்டன் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. எந்நேரமும் இருமல், எந்நேரமும் எரிச்சல். என் மேல் பாவப்பட்டோ, என் இருமலைக் கேட்டுக் கேட்டு நித்திரை கெட்டோ, அந்த மனுஷன் ஒரு யோசனை சொன்னார். அவர் பிறந்த தீவில் அவருடைய தங்கைக்குக் கடற்கரையோரம் ஒரு மாடிவீடு. கோடையில் வெள்ளைக்காரருக்கு அறைகளை வாடகைக்கு விடுவார்கள். தை மாதத்தில் ஒரு ஈ காக்கை வராது. சும்மா கிடக்கிற அறைதானே, இரண்டு கிழமை இருந்துவிட்டு வாருங்கள் என்றார். நாங்களும் நம்பிப் போனோம்.

எங்கள் மலைநாட்டு நுவரெலியாவுக்கு ஒரு சீசன் இருக்கிற மாதிரி அந்தத் தீவுக்கும் ஒரு சீசன் உண்டு என்பதும், நாங்கள் போனது அதற்கு நேர் எதிரான காலம் என்பதும் போய் இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மழையும் காற்றும் முகத்தில் அறைந்தன. கரை நெடுகச் சாப்பாட்டுக் கடைகள். எல்லாவற்றுக்கும் பலகை அடித்திருந்தது. கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கடற்கரையில் ஒரு தோணி இல்லை, ஒரு வலை இல்லை, ஒரு குஞ்சு குருமான் இல்லை. தோட்டங்களில் ஆரஞ்சு நிறத் தோடம்பழம் மரத்தின் கீழ் விழுந்து அழுகிக் கிடந்தது. பொறுக்க ஆள் இல்லை.

“இஞ்சாருங்க, ஊரையே ஆரோ காலி பண்ணிட்டுப் போன மாதிரிக் கிடக்கு” என்றேன்.

“நல்லதுதானே. நிம்மதியா இருக்கலாம்” என்றார் என் கணவர். அவருக்கு எல்லாமே நல்லதுதான். வீட்டுக்கூரை பறந்தாலும் காற்றோட்டம் என்பார்.

வீட்டுக்காரரின் தங்கை நல்ல மனுஷி. நன்றாக ஆங்கிலம் பேசினாள். மாடியில் ஏழு அறைகள் இருந்தன. எங்களுக்கு ஒன்றைத் திறந்து மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்துத் தந்தாள். மற்ற ஆறும் பூட்டியே இருந்தன. ஒரு நாள் யன்னல் இடுக்கால் எட்டிப் பார்த்தேன். கட்டில், மெத்தை, மடித்து வைத்த கம்பளி எல்லாம் வரிசையாக இருந்தன.

காலையில் ஒரு கிழவர் வருவார். கறுப்புத் தொளதொளக் காற்சட்டை, சேறு பிடித்த சப்பாத்து. எங்கள் வாசலில் நாலு தோடம்பழத்தை வைத்துவிட்டு, முற்றத்தைக் கூட்டி, கோழிகளுக்குத் தீன் போடுவார். இருட்டுப்பட்டதும் பின்பக்கம் போய்விடுவார். அங்கே பாண் ரொட்டி சுடுகிற மண் போறணை அடுப்பு ஒன்றும், அதை ஒட்டி விறகு அடுக்குகிற கொட்டில் ஒன்றும் இருந்தன. அந்தக் கொட்டிலில்தான் அவர் படுக்கை. ஒழுக்குக்குக் கீழே ஒரு தகரவாளி வைத்திருந்தார். கூலிக்கு நிற்கிற மனுஷன் என்று நான் நினைத்தேன். மூன்றாம் நாள் அவர் குளிரில் நடுங்குவதைப் பார்த்து, என் கணவரின் பழைய கம்பளிச் சட்டை ஒன்றைக் கொடுத்தேன். பெரிய தர்மம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. கிழவர் நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அந்தத் தங்கை சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

“கோபிக்க வேண்டாம். அப்பாவிடம் உடுப்பு இருக்கிறது” என்றாள்.

“யாருடைய அப்பா?”

“என்னுடைய அப்பா.”

என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்ற வெட்கம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விருந்தாளி என்பதையும் மறந்துவிட்டேன். ஆறு அறை பூட்டிக் கிடக்கிறது, பெற்ற தகப்பன் விறகுக் கொட்டிலில் படுக்கிறார், மேலே ஒழுகுகிறது, உனக்கு எப்படி இரவில் நித்திரை வருகிறது என்று கேட்டேவிட்டேன். என் கணவர் “சும்மா இரு, சும்மா இரு” என்று என் சேலைத் தலைப்பை இழுத்தார்.

அவள் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

“இந்த வீட்டைக் கட்டியது அவர்தான். என் கல்யாணத்துக்குச் சீதனமாகக் கட்டினார். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. தந்த அன்றைக்கே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார். கோடையில் அறைகளில் ஆட்கள். குளிர்காலத்தில் வாருங்கள் என்று வருஷா வருஷம் கூப்பிடுகிறேன். கொடுத்த வீட்டில் தான் எப்படிப் படுப்பது என்று கேட்கிறார்.” உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்: “உங்கள் ஊரில் எப்படி?”

எங்கள் ஊரில் தகப்பனை இப்படி வைக்கமாட்டோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் அப்பா படுக்கிற இடம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் என் கணவர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அப்பா வயல் வட்டையில் விளைந்த நெல்லை எல்லாம் போகத்துக்குப் போகம் கல்லாகவும் சீமெந்தாகவும் ஓடாகவும் மாற்றித்தான் எனக்கு வீடு கட்டினார். அம்மா அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார். என் கல்யாணத்தன்று அப்பா தன் பாயையும் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பின் வளவில் இருந்த, ஓலைக் கிடுகு வேய்ந்த சமையல் குசினிக்குப் போனார். யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது வழமை. வீடு மகளுக்கு, பெற்றவர்கள் வளவில் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து நாங்கள் லண்டனுக்குப் புறப்பட்ட அன்று வீட்டைப் பூட்டியவள் நான். பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தவர் அப்பா.

“திறப்ப மறந்திராம கொண்டு போ புள்ள. உன்ட வீடு” என்றார்.

“ஓம் அப்பா” என்று சொல்லி, வீட்டுக்கு இருந்த ஒரே சாவியான அந்தத் திறப்பை லண்டன் வரை கொண்டு போனேன்.

நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்த டீச்சர். ஊரில் நாலு பேருக்குப் புத்தி சொன்னவள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும், நிலைக்கதவில் கறையான் ஏறுகிறதா, ஓடு விலகியிருக்கிறதா என்று கேட்டேன். அவரும் மறக்காமல் பதில் எழுதினார்: “வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. மழை கொஞ்சம் கூட. நான் சுகம்.” கார்த்திகையிலும் மார்கழியிலும் வாவி பெருகினால் தண்ணீர் எங்கள் பின் வளவு வரை வரும். குசினிக்கு மண் தரை. மழை நேரம் எங்கே படுக்கிறீர்கள் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கிழவருக்காகக் கத்திய என்னை நானே அறைந்தால் என்ன என்று இருந்தது.

“எங்கள் ஊரிலும் இப்படித்தான்” என்று அவளிடம் என் கணவர்தான் மெல்லச் சொன்னார்.

அடுத்த நாள் விடிந்ததும் மழையோடு மழையாகப் பஸ் பிடித்துப் பட்டணத்துக்குப் போய் அப்பாவுக்குத் தந்தி அடித்தேன். பூட்டை உடைத்து வீட்டுக்குள் இருங்கள், மகள். அவ்வளவுதான் வாசகம். பழுகாமத்துக்குத் தந்தி போனால் செத்தது யார் என்று ஊரே கூடிவிடும். கூடட்டும் என்று அனுப்பினேன்.

மிச்ச நாளெல்லாம் அந்தக் கிழவரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தேநீர் ஊற்றி உள்ளே வந்து இருங்கள் என்று கையால் காட்டினேன். படியில் குந்தி இருந்து குடித்தார். உள்ளே ஓர் அடி வைக்கவில்லை.

லண்டனுக்குத் திரும்பி மூன்றாம் கிழமை அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. வழக்கமான நீலக் கடிதம் இல்லை. தடித்த உறை, முத்திரை நிறைய. நான் நின்றபடியே பிரித்தேன்.

“அன்பு மகளுக்கு. நீ சொன்னபடி ஆசாரியைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தேன். உள்ளே நடு அறையில் ஒழுக்கு. நல்ல வேளை சொன்னாய். ஓடு மாற்றிவிட்டேன். தரையைக் கழுவி, உன் அலுமாரியைத் துடைத்து வைத்திருக்கிறேன். நீ சொன்னாய் என்று இரண்டு இரவு உள்ளே படுத்துப் பார்த்தேன். நீ இல்லாமல் உன் வீட்டில் படுக்க மனம் வரவில்லை. கோபிக்காதே. நல்ல பூட்டாக வாங்கிப் பூட்டியிருக்கிறேன். வேறு புதினம் இல்லை. நான் சுகம்.”

கடிதத்துக்குள் கடுதாசியில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, புதுத் திறப்பு ஒன்று இருந்தது.

என் கணவர் “என்னவாம்?” என்று கேட்டார். திறப்பை அவருடைய கையில் வைத்தேன். அதே வீட்டை அப்பா எனக்கு இரண்டாம் தரமும் சீதனமாகத் தந்திருந்தார்.