ஊதா மூடிக் குழாய்

மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு வார்டுக்காரர்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. காலையில் வந்து குவியும் மலம், சளி, சீழ் எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை. வீட்டில் நாத்தனார்தான் அவள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டாள். "எத்தனை சோப்பு போட்டா என்ன அண்ணி, நினைச்சாலே குமட்டுது."

அன்று அவளுக்கே குமட்டியது. நாலாவது வார்டுப் பெரியவரின் ரத்தத்தில் பொட்டாசியம் ஒன்பதரை. கால்சியம் இல்லவே இல்லை என்கிற அளவு. இந்த எண்களோடு எவரும் பிழைத்திருக்க முடியாது. கருவியைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினாள். அதேதான். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஓர் உப்பு இருக்கும். அதில் பொட்டாசியம் உண்டு. கால்சியத்தையும் அது கட்டிப்போடும். பொட்டாசியம் பார்க்க அனுப்பும் மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் குறைந்ததென்று யாரோ ஊதாவிலிருந்து ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள்.

வார்டுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு ஊத்தினீங்களா?"

"ஐயையோ, நாங்களா? உங்களுக்கு எப்பவும் சந்தேகம்தான் மேடம்."

இளம் டாக்டர் போனைப் பிடுங்கினார். "பொட்டாசியம் எவ்வளவு? வாயால சொல்லுங்க போதும். இறக்கற ஊசி ரெடியா இருக்கு."

"சொல்ல மாட்டேன். நல்லா இருக்கறதைப் போய் இறக்கினா இதயம் நின்னுடும் டாக்டர். வேற ரத்தம் வேணும்."

"லேட்டானா நீங்கதான் பொறுப்பு."

"இருக்கட்டும்."

யாரையும் நம்பாமல் அவளே மாடியேறினாள். சிஸ்டர் ஊசி குத்தி மஞ்சள் மூடிக் குழாயை நிரப்பும்வரை கட்டிலருகே நின்றாள்.

"மறுபடியுமா?" என்றார் பெரியவர். "எடுத்து எடுத்து வெளியில வித்துடறீங்களா?"

"உங்க ரத்தத்தை யார் வாங்குவா தாத்தா, கையை நீட்டுங்க."

புது ரத்தத்தில் பொட்டாசியம் நாலு புள்ளி ஒன்று, சரியான அளவு. டாக்டர் ஊசி மருந்தைச் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பினார். சிஸ்டர் கூடத்து வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நரம்பே கிடைக்கல மேடம். கொஞ்சம்தானே ஊத்தினேன். பெரிசு பண்ணாதீங்க."

அவள் தவறுப் பதிவேட்டை எடுத்து, வார்டு, நேரம், இரண்டு எண்கள், ஊற்றியது யார் என்பதுவரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தவளுக்குக் கவளம் இறங்கவில்லை. நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அப்படி என்ன கண்றாவி அண்ணி இன்னிக்கு? மலமா, சீழா?"

"அதெல்லாம் சுத்தம்மா," என்றாள். "கொஞ்சம்தானேன்னு ஒருத்தி சொன்னா."

தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.