மூடுபனிக்கு ஒரு சாட்சி

தாமதத்தால் நோயாளியின் உயிருக்கோ, ஓர் உறுப்பின் செயல்பாட்டுக்கோ கேடு வரலாம் என்றால், விண்ணப்பத்தை அவசர இனமாக எடுத்துக்கொண்டு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் கையேட்டில் இந்த விதி தெளிவாகவே இருக்கிறது. என் கணவரின் இடது கண்ணுக்கு அது பொருந்தாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

சென்னையில் முப்பத்து நான்கு வருடம் தணிக்கைத் துறையில் இருந்தேன். அங்கே முக்கால்வாசிக் கோப்புகள் சிவப்பு நிற ‘அவசரம்’ சீட்டோடுதான் வரும். அதிகாரியின் பயணப்படிகூட அவசரம். அந்தச் சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு வரிசைப்படி பார்ப்பது என் வழக்கம். இதனால் எனக்கு நல்ல பெயரும் உண்டு, நண்பர்கள் குறைந்ததும் உண்டு.

ஓய்வுக்குப் பிறகு அமெரிக்காவில், மில்பிடாஸில் மகள் வீட்டில் இருக்கிறோம். என் கணவருக்கு க்ளாக்கோமா, பார்வை நரம்பை மெல்ல அழிக்கும் கண் அழுத்த நோய். மே மாதம் கண் மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்அனுமதி கேட்கும் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவசரமா, சாதாரணமா என்று இரண்டு கட்டங்கள்.

“அம்மா, அர்ஜென்ட்னு டிக் பண்ணும்மா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றாள் மகள்.

“எல்லாரும் பண்றதாலதான் அந்தக் கட்டத்துக்கு மதிப்பே இல்லாமப் போச்சு. டாக்டர் அர்ஜென்ட்னு சொன்னாரா?”

“சீக்கிரம் பண்ணிடலாம்னு சொன்னாரு. கேட்டா சைன் பண்ணுவாரு.”

“சீக்கிரம் வேற, அவசரம் வேற.”

என் கணவர் சிரித்தார். “என் பென்ஷன் ஃபைல் மட்டும் உங்கம்மா டேபிளுக்குப் போயிருந்தா, நான் இன்னும் வேலைக்குப் போயிட்டிருப்பேன்.”

நான் ‘சாதாரணம்’ கட்டத்தில் டிக் செய்து, தேதியிட்டுக் கொடுத்தேன். நிறுவனம் முடிவு சொல்லப் பதினான்கு நாள் கெடு. பதின்மூன்றாம் நாள், பழைய பரிசோதனை அறிக்கை ஒன்று வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. கேள்வி கேட்டால் கெடு நின்றுவிடும். இந்த உத்தியை நானே பலமுறை கையாண்டிருப்பதால் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

இந்த இடைவெளியில்தான் மகள் எங்களை ஐந்து நாள் ஜப்பானுக்கு அனுப்பினாள். அவர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் வருகைப் பதிவேடு எழுதியவர். ‘கடைசியாகப் புறப்பட்ட துறைமுகம்’ என்ற கலத்தில் ஒரு ஜப்பானிய நகரத்தின் பெயரை வாரம் தவறாமல் எழுதியிருக்கிறார். அந்தத் துறைமுகத்தை ஒரு தடவை மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தண்ணீரோரத்தில் அதற்கென்றே ஒரு கோபுரம் இருந்தது.

போனது ஜூன் மாதம். அங்கே மழைக்காலம். நான்கு நாள் மழையில் விடுதியிலேயே கழிந்தது. மறுநாள் விமானம் என்பதால் ஐந்தாம் நாள் எப்படியும் போயாக வேண்டும். டிக்கெட் கொடுக்கிற பெண் ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். இன்று மேலிருந்து எதுவும் தெரியாது என்று ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. போதாதென்று இரு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினாள். அவர் தள்ளி நின்று குடையை மடித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு டிக்கெட் வாங்கினேன். அட்டையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

மேலே வட்டமான கூடம், சுற்றிலும் கண்ணாடி. வெளியே கடலும் இல்லை, கப்பலும் இல்லை, வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல ஒரே மூடுபனி. அவர் கண்ணாடியை நோக்கி வேகமாக நடந்தார். வழியில் இடது பக்கம் இருந்த ஆரஞ்சு நிறப் பெஞ்சில் முழங்கால் இடித்தது. தடவிக்கொண்டே போய்க் கம்பியைப் பிடித்தார்.

“எத்தனை கப்பல் நிக்குது?”

“ஒண்ணும் தெரியலங்க. மூடுபனி.”

“எப்பலேர்ந்து?”

“காலையிலேர்ந்தே இருக்கு. கீழே டிக்கெட் குடுத்த பொண்ணு அட்டையக்கூடக் காட்டினா.”

“எங்கிட்ட சொல்லலையே.”

“விலகிடும்னு நெனச்சேன்.”

அவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். “எனக்கு முழுக்க வெள்ளையா இருக்கு. உனக்கும் அப்படியா?”

“எனக்கும் அப்படித்தான்.”

“சும்மா சொல்லாத.”

“நான் எப்ப உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கேன்?”

“அதான். சொன்னதே இல்ல. இன்னிக்குச் சொல்றியோன்னு இருக்கு.”

கூடத்தில் எங்களைத் தவிர ஒரு ஜப்பானியக் கிழவர் மட்டும் மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய், வெளியே கை காட்டி, என்ன தெரிகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் எழுந்து வந்து என் கணவர் பக்கத்தில் நின்று, கண்ணாடி வழியாக உண்மையாகவே கவனித்துப் பார்த்தார்.

“நத்திங். ஆல் வொய்ட். சாரி” என்று குனிந்தார், பனிக்கு அவர்தான் பொறுப்பு என்பதுபோல.

என் கணவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குரலே மாறிவிட்டது. “அப்ப எனக்கு மட்டும் இல்ல. டிக்கெட்டை வித்துட்டு வெள்ளையடிச்சுக் காட்டறான் பாரு.”

சிரித்துக்கொண்டே லிஃப்ட் பக்கம் திரும்பினார். இடது பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்ததும், அதே பெஞ்சில் மறுபடி இடித்துக்கொண்டார். கூடத்துக்குள்ளே பனி இல்லை. எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். “எவ்வளவு நாளா இப்படி?”

“இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டே இருக்கு. ஃபார்ம் போன பெறகுதான்.”

“ஏன் சொல்லல?”

“நீ சாதாரணம்னு போட்டுட்டே. அப்புறம் போய் நான் எதுக்கு...” முழங்காலைத் தடவினார். “உனக்குச் சங்கடமா இருக்கும்ல.”

அன்று விடுதியிலிருந்தே நிறுவனத்துக்குப் பேசினேன். பரிசீலனையில் இருக்கும் விண்ணப்பத்தை அவசர இனத்துக்கு மாற்ற மருத்துவரின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். சரியான விதிதான். மருத்துவர் விடுப்பில் இருந்தார், நாங்கள் திரும்பிய வாரம்தான் வந்தார், உடனே கையெழுத்திட்டார். ஒரே சிகிச்சைக்குச் சாதாரணம், அவசரம் என்று இரண்டு கோரிக்கைகள் இருப்பதால் எதைப் பரிசீலிப்பது என்று நிறுவனம் விளக்கம் கேட்டது. விளக்கம் எழுதினேன். அந்தக் கடிதத்தில் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியாது. அது கிடைத்ததாகக்கூட யாரும் தெரிவிக்கவில்லை. மகள் தினமும் வேலைக்கு நடுவில் ஃபோன் பண்ணி அவர்களோடு சண்டை போட்டாள். என்னை மட்டும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூலைக் கடைசியில் இடது கண்ணை மறுபடி சோதித்த மருத்துவர், இனி அறுத்தாலும் பார்வை திரும்பாது, வலது கண்ணையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். காரில் வரும்போது என் கணவர் வலது பக்கமாகத் தலையைத் திருப்பி, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். ஒன்றைக்கூடத் தவறாகப் படிக்கவில்லை. நான் பின்சீட்டில் இருந்து சரிபார்த்தேன்.

இடது கண் அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி அளிக்கப்பட்டுள்ளது, இது தொண்ணூறு நாட்களுக்குச் செல்லும் என்ற பதில் ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி வந்தது.