எட்டு மணிக்கு அவர் நன்றாக இருந்தார்

நான் பொய் சொன்னேன். என் கணவரின் உயிரைக் காப்பாற்ற வந்தவர்களிடமே பொய் சொன்னேன். இரண்டு வருடங்களாக ஒருவருக்கும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீடு. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு நாங்கள் இருவர்தான். நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஏழரைக்கே சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்துவிடுவேன். அவர் எழுந்து வருவார், ஏதாவது பேசுவார். நான் திரையைப் பார்த்தபடியே ‘ம்’ என்பேன். இருபத்தாறு வருடக் குடித்தனம்... அவர் முகத்தில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேனோ?

அன்று செவ்வாய்க்கிழமை. எட்டு மணியளவில் அவர் என் பின்னால் வந்து நின்றார். ஏதோ சொன்னார். ‘ம்’ என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என்ன சொன்னார்? நாக்குக் குழறியதா? கதவைப் பிடித்துக்கொண்டா நின்றார்? தெரியாது... நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்குத் தேநீர் போடப் போனேன். குசினி நிலத்தில் கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

ஆம்புலன்சில் வந்த பெண், ஸ்ட்ரோக் என்றாள், பாரிசவாதம். அவரைக் கடைசியாக எப்போது நல்ல நிலையில் பார்த்தீர்கள் என்று கேட்டாள். நேரம் மிக முக்கியம், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

யோசித்தேன். முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலா? அப்போதும் நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கணவன் முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று தெரியவில்லை என்பதை ஓர் அந்நியப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? வெட்கம். அந்த நேரத்திலும் வெட்கம்!

எட்டு மணிக்கு என்னோடு நன்றாகப் பேசினார் என்றேன். அவள் அதைத் தன் கையுறையின் மேலேயே எழுதிக்கொண்டாள்.

இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோய் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் போடவேண்டுமாம். பிந்தினால் மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடுமாம். மருத்துவமனையில் டாக்டர் மறுபடியும் கேட்டார், எட்டு மணி நிச்சயமா என்று. அப்போதாவது... இல்லை. நிச்சயம் என்றேன்.

ஊசி போட்டார்கள். அவர் பிழைத்தார். ஆனால் அன்று பின்னேரமே மூளைக்குள் இரத்தம் கசிந்தது. நேரத்துக்குப் போட்டாலும் சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை.

மகள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “அம்மா, நீங்கள் நேரத்தைச் சரியாச் சொன்னபடியாத்தான் அப்பா உயிரோடை இருக்கிறார்.”

அது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் என்னைக் குழப்புகிறது. தெரியாது என்றிருந்தால் ஊசி போட்டிருக்கமாட்டார்கள், அவர் போயிருப்பார். அல்லது கசிவும் இல்லாமல் இன்று பேசிக்கொண்டிருப்பார். என் பொய் அவரைக் காப்பாற்றியதா, ஊமையாக்கியதா? நீங்களாவது சொல்லுங்கள்... எனக்கே தெரியாததை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்!

இப்போது எல்லாவற்றையும் பார்க்கிறேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு, எப்போது வந்தது? சாப்பிடும்போது கறியை ஓரமாக ஒதுக்கிவைத்துக் கடைசியில்தான் தொடுகிறார், முன்பும் அப்படித்தானா? நான் உற்றுப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஒருநாள் கேட்டேன். “இஞ்சேருங்கோ, அண்டைக்குக் காலமை எனக்கு என்ன சொன்னனீங்கள்?”

நெடுநேரம் என்னைப் பார்த்தார். “ஓம்” என்றார்.

அவருக்கு மிஞ்சியிருப்பது ஆம் என்னும் அந்த ஒரு சொல்தான். பசிக்கிறதா என்றாலும் அதுதான். வலிக்கிறதா என்றாலும் அதுதான்.

சென்ற மாதம் லூயிஷாமில் தமிழ்ப் பெண்கள் கூடும் ஒரு மண்டபத்தில், இந்த நோயின் அறிகுறிகள் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். கவனமாக இருந்து கணவனைக் காப்பாற்றியவர் என்று அறிமுகம் செய்தார்கள். நான் மறுக்கவில்லை. வீட்டில் இருப்பவர்களைத் தினமும் நிமிர்ந்து பாருங்கள் என்றேன். கைதட்டினார்கள்.

வெளியே வரும்போது ஓர் இளம்பெண் பின்னாலேயே வந்தாள். “அக்கா, வெஸ்ட் ஈலிங்கிலை எங்கடை ஆக்களுக்கும் வந்து இதைச் சொல்ல ஏலுமோ?”

உண்மையை அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“வாறன் தங்கச்சி” என்றேன்.