முனியாண்டிக்கு முகம் காட்டிய கார்

என் அண்ணனுக்குத் தெரியாத விஷயம் இந்த மலாக்காவில் எதுவும் கிடையாது. பசாருக்குப் போனால் மீன்காரனுக்கே மீன் பார்க்கச் சொல்லித் தருவான். சாவு வீட்டுக்குப் போனால் பாடை கட்டுகிறவரை நகரச் சொல்லிவிட்டு முடிச்சுப் போட்டுக் காட்டுவான். அதனால் நான் காரை ஏற்றி இழுக்க ஒரு டிரெய்லர் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும், "எதுக்கு?" என்றுகூடக் கேட்கவில்லை. "நான் பாத்துக்கிறேன் லா, நீ சும்மா இரு" என்றான்.

கார் என்னுடையது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் நின்று வாங்கிய பழைய ஜப்பான் கார். சிவப்பு, இரண்டே சீட்டு, நீண்ட மூக்கு. கனமெல்லாம் அந்த மூக்கில்தான், இஞ்சின் அங்கேதான் இருக்கிறது. உள்ளே இருந்த மெத்தை, ரேடியோ, ஏர்கான் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு இரும்புக் கம்பி அடித்திருந்தேன். அந்தக் கோலத்தில் அதை ரோட்டில் ஓட்ட முடியாது. பந்தயத் தடத்தில் மட்டும்தான் ஓட்டலாம். சிப்பாங் தடத்தில் பணம் கட்டிவிட்டு நம் சொந்தக் காரை ஆசை தீர ஓட்டுகிற நாட்கள் உண்டு. அதுவரை வாடகை லாரியில் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். லாரிக்காரர் வருவதற்குள் பாதி நாள் போய்விடும்.

அம்மாவுக்கு இது அவமானம். "வயசு முப்பத்தஞ்சு ஆச்சு, கழுத்துல ஒண்ணும் ஏறல. காரு மட்டும் லாரியில ஏறுது" என்று எங்கள் தாமான் வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன். வலிக்காமலா இருக்கும்?

அந்த வருஷம் ஒரு நல்லது நடக்கப் பார்த்தது. நாலு பேர் மாறி மாறி ஓட்டும் நீண்ட பந்தயத்துக்கு ஒரு சின்னக் குழுவில் ஓர் ஆள் குறைந்தது. நான் ஓட்டுவதை இரண்டு தடவை பார்த்திருந்த அந்தக் குழுத் தலைவர், "சனிக்கிழமை காலையில வா. உன் காருலயே ஓட்டிக் காட்டு. நல்லா இருந்தா இடம் உனக்கு" என்றார். எனக்கு வாழ்க்கையில் யாரும் எதையும் 'உனக்கு' என்று சொன்னது கிடையாது. லாரியை நம்பி இதில் விளையாட முடியாது. சொந்த டிரெய்லர் வேண்டும். அதை இழுக்கக் கொக்கி வைத்த வண்டி எங்கள் குடும்பத்தில் அண்ணனின் பிக்கப் ஒன்றுதான்.

முதலில் அவன் என்னை உம்பாய்க்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே மீன்பிடிக்கிறவர் ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் படகு ஏற்றும் டிரெய்லர் ஒன்று கிடந்தது. ஒற்றை ஆக்சில், ஒரே ஜோடிச் சக்கரம். உப்புக்காற்றில் இரும்பு அப்பளமாகியிருந்தது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. "மேல பலகை அடிச்சா முடிஞ்சது கதை" என்றான் அண்ணன். டிரெய்லரின் சொந்தக்காரரே, "இதுல காரா?" என்று சிரித்துவிட்டார். யானை வாங்கினவள் அங்குசத்துக்கா அழுவாள்? முடியாது என்றேன். அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அப்புறம் நானே தேடினேன். நாலு பக்கமும் மூடிய பெட்டி டிரெய்லர் பார்க்க அழகு, ஆனால் அதன் கனத்தையே பிக்கப் இழுக்காது. ஆயர் குரோவில் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் கடைசியில் அமைந்தது. திறந்த டிரெய்லர், இரட்டை ஆக்சில், அதற்கென்று தனி பிரேக். ஏற்றுப் பலகை நீளம் என்பதால் காரின் தாழ்ந்த மூக்கு இடிக்காது. காரை ஏற்றி இறக்கி, முன்னே பின்னே நகர்த்தி, கொக்கியின் மேல் எவ்வளவு பாரம் உட்காருகிறது என்று பார்த்தேன். மூக்கு பிக்கப் பக்கம் இருக்க வேண்டும், கனம் சக்கரங்களுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் டிரெய்லர் வாலாட்டும், ஆட ஆரம்பித்தால் பிக்கப்பையும் சேர்த்து ஆட்டும். சரியான இடம் கிடைத்ததும் முன் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டேன். இதையெல்லாம் அண்ணனிடமும் சொன்னேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "ம், ம்" என்றான்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அம்மாவும் பிக்கப்பின் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள், சிரம்பானில் பெரியம்மா வீட்டில் இறங்குவதற்கு. அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. புது வண்டி எதுவானாலும் முதலில் அவள் ரப்பர் பால் வெட்டிய தோட்டத்து முனியாண்டி முன்னால் போய் நிற்க வேண்டும். அங்கே இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. முனியாண்டி மட்டும் தகரக் கூரைக்குக் கீழே அரிவாளோடு அதே இடத்தில் இருக்கிறார்.

தேங்காய் உடைத்தாயிற்று. காரின் மூக்கில் பூமாலை போட்டாயிற்று. பிக்கப், டிரெய்லர், கார் மூன்றுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. திடலில் வண்டியைத் திருப்பி வாசல் பக்கமாக நிறுத்தியபோதுதான் அம்மா கத்தினாள். காரின் பின்பக்கம் சாமியைப் பார்த்தபடி இருந்தது.

"புது வண்டிய முனிக்கு முதுகக் காட்டிட்டா கூட்டிட்டுப் போவ?"

"அம்மா, பிக்கப்பும்தான் முதுகக் காட்டிட்டு நிக்குது."

"அது பழைய வண்டி. அவருக்குப் பழகுனது."

அதற்குள் அண்ணன் காரைக் கட்டியிருந்த பெல்ட்டுகளை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். காரை இறக்கி, திருப்பி, பின்புறமாக ஏற்றி, அவனே பெல்ட் போட்டுக் கட்டினான். சிவப்பு மூக்கு முனியைப் பார்த்து நின்றது. மஞ்சள் கோட்டில் பின் சக்கரம் நின்றது.

"அண்ணே, கனமெல்லாம் பின்னால போயிடுச்சு. ஆடும்."

"நீ ரேசு ஓட்டு. இழுக்கறது என் வேல."

"சாமியவும் பகைச்சுக்கிறியாடி?" என்றாள் அம்மா. "அதான் உனக்கு ஒண்ணும் கூடி வரல."

டோலுக்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, திருப்பி ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். "சரி லா, சரி லா" என்றான். பெட்ரோல் நிலையம் வந்தது. போனது. நிறுத்தச் சொல்லி அவன் தோளில் அடித்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஹைவேயில் ஓர் இறக்கம். பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் டிரெய்லர் முதலில் லேசாக வாலை ஆட்டியது. அப்புறம் இன்னும் கொஞ்சம். ஸ்டியரிங் அண்ணன் கையில் நடுங்கியது.

"எண்ணெ மிதிக்கிற கால எடு! பிரேக்கு மட்டும் அடிக்காத! தானா வேகம் குறையட்டும்!" தொண்டை கிழியக் கத்தினேன்.

பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

டிரெய்லர் எங்களை முந்தப் பார்த்தது. பெல்ட் அறுந்த சத்தம் கேட்டது. கண்ணாடியில் என் கார் பக்கவாட்டில் உருள்வதைப் பார்த்தேன். தடுப்பில் மோதி, அதைத் தாண்டி, கால்வாய்க்குள் மூக்கு குத்தி நின்றது. பூமாலை மட்டும் ரோட்டில் கிடந்தது. எங்கள் மூவருக்கும் ஒரு கீறல் இல்லை. அண்ணன் இறங்கினான், ஒரு சிகரெட் பற்ற வைத்தான், மச்சானுக்குப் போன் போட்டான். அவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "பொம்பள கட்டுன கட்டு லா, அறுந்துடுச்சு."

கட்டியது அவன். குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்த கதை.

கார் இரும்புக் கடைக்குப் போனது. குழுவில் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் முனியாண்டிக்கு நன்றிப் பூசை போட்டார்கள், கார் முனியைப் பார்த்துக்கொண்டு போனதால்தான் உயிர் தப்பியதாம். அந்தப் பூசைக்குச் சர்க்கரைப் பொங்கல் கிளறியது நான்தான். கரண்டியைத் தூக்கி அடிக்க வேண்டும் போலிருந்தது.

டிரெய்லரின் கழுத்து மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. சரி செய்து, வீட்டு வாசலில் போட்டு வைத்தேன். விற்றுவிடலாம் என்று நினைத்தபோது, அண்ணனே ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த ஆளும் தடத்தில் கார் ஓட்டுகிறவர். அம்மா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். அண்ணன் டிரெய்லரின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"ஒத்த ஆக்சில் பக்கமே போகாதீங்க. தனி பிரேக் இருக்கணும். முக்கியமானது, கனம் முன்னால விழணும். ஆட ஆரம்பிச்சா பிரேக் அடிக்கவே கூடாது. தங்கச்சிகிட்ட தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன், கேக்கல."

ஒரு சொல் மாறாமல் என் வார்த்தைகள்.

வந்தவர் குனிந்து பார்த்தார். "இது என்ன மஞ்சக் கோடு?"

அண்ணன் விழித்தான். "அது... செஞ்ச எடத்துல போட்டது."

"நான் போட்டது" என்றேன். "முன் சக்கரம் நிக்க வேண்டிய எடம். அன்னிக்கு அது அங்க நிக்கல. காரத் திருப்பி ஏத்துனது இவன். பிரேக் அடிச்சதும் இவன். அம்மா பின்னால உக்காந்து எல்லாத்தையும் கேட்டுச்சு. அம்மா, சொல்லு."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்தாள்.

"கோட்டுலதான் நின்னுச்சு" என்றாள். "இவதான் சரியா கட்டல."

வந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார். அண்ணனும் அவரோடு கிளம்பினான். நான் அம்மாவின் முன்னால் போய் நின்றேன். அவளே சொன்னாள், கறிவேப்பிலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்குத் தெரியாதாடி? நீ கத்துனது இன்னும் காதுல இருக்கு. ஆனா அவன் பொண்டாட்டி பிள்ளையோட நாலு பேரு முன்னால தல நிமிந்து நடக்கணும். உனக்கு யாரு இருக்கா, வெக்கப்படறதுக்கு?"

டிரெய்லரை நான் விற்கவில்லை. வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறது. அண்ணன் அம்மாவைப் பார்க்க வந்தால் பிக்கப்பை நிறுத்த இடம் கிடையாது. சந்து முனையில் சாக்கடை ஓரமாகப் போட்டுவிட்டு நடந்து வருகிறான். மழை நாளில் அம்மா, "அத கொஞ்சம் நகத்தேன்டி, பிள்ள நனையுறான்" என்பாள்.

நனையட்டும்.