வெறும் வயிறும் காபியும்

போன கோடையில் என் எட்டு வயது மகள் மெலிந்துகொண்டே போனாள். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. சர்க்கரை நோயாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு மயிலாப்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். தண்ணீரில் கொதிக்க வைத்த கண்ணாடி ஊசியால் ரத்தம் எடுத்தார்கள்.

மாலையில் முடிவைக் கேட்க இருவரும் போனோம். பரிசோதனை செய்த பெண்மணி தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அளவு கொஞ்சம் கூட இருக்கே. காலைல என்ன குடுத்தீங்க?" என்றார்.

"ஒண்ணுமே குடுக்கலை. காபி மட்டும்தான்."

"சக்கரை போட்டா?"

"சக்கரை இல்லேன்னா அவ தொடவே மாட்டாளே!"

அவர் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் ஏகாதசிப் பட்டினியன்றும் காபி உண்டு. அதை யாரும் ஆகாரமாக நினைத்ததில்லை.

"நாளைக்குக் காபியும் கிடையாது மாமி. மறுபடி எடுத்துப் பார்த்துடலாம்."

"காபி குடுத்தது நீதானேம்மா? ஊசியையும் நீயே போட்டுக்கோ!" என்று மகள் வழியெல்லாம் சண்டை பிடித்தாள்.

மறுநாள் அளவு சரியாக இருந்தது. மெலிவுக்கு டாக்டர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார்; தாகம் வெயிலால்தான் என்றார். வீட்டில் யாருமே பொருட்படுத்தாத சர்க்கரையை அந்தக் கொஞ்ச ரத்தம் சொல்லிவிட்டதே! அந்தப் பெண்மணி மட்டும் ஒன்றும் கேட்காமல் தாளை நீட்டியிருந்தால், இல்லாத நோய்க்கு என் மகளுக்குத் தினமும் ஊசி போட்டிருப்போம்.