பஸ் தள்ளிய தேசம்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் எங்களுக்குத் தேசியவாதம் ஒரு பாடம். நிலமும் மொழியும் மட்டும் ஒரு தேசத்துக்குப் போதாது, கொடி மாதிரி ஒரு குறியீடும், 'நாங்கள் இப்படித்தான் உருவானோம்' என்கிற தொன்மக்கதையும் வேண்டும் என்று விரிவுரையாளர் விளக்கினார். பிறகு, "குழுவுக்கு ஒரு தேசம் உண்டாக்கிக்கொண்டு வாங்க" என்றார்.

கல்முனைப் பக்கமிருந்து ஒலுவில் வளாகத்துக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்த நாங்கள் நாலு பேர் ஒரு குழு. காரைதீவில் ஏறும் என் தோழிதான் வழி சொன்னாள்.

"வேற எங்க தேடுற புள்ள? இந்த பஸ்தான் எங்கட தேசம்."

கொடி உடனே கிடைத்தது: உடைந்த யன்னலில் மழைக்குக் கட்டியிருந்த மஞ்சள் சொப்பிங் பேக். கதையும் இருந்தது. முந்திய மாரியில் நிந்தவூர் தாண்டி, வெள்ளத்துக்குள் நின்றுபோன பஸ்ஸைப் பயணிகள் இறங்கித் தள்ளினோம். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான்.

வகுப்பில் தோழி அதைச் சொன்னபோது தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிட்டது. எனக்கே நெஞ்சு விம்மியது. பின்வரிசையில் ஒவ்வொருவராக எழும்பி, "நானும் தள்ளின மிஸ்" என்றார்கள்.

"இத்தன பேரும் தள்ளியிருந்தா பஸ் அக்கரைப்பற்றத் தாண்டிப் போயிரிக்குமே" என்று விரிவுரையாளர் சிரித்தார். பிறகு கேட்டார்: "அண்டைக்கு, அந்த வெள்ள நாளில, பஸ்ஸில வராத ஆக்கள் உங்கட தேசத்தில சேரலாமா?"

"ஏலாது மிஸ்" என்று நான் முந்திக்கொண்டேன். சொன்ன வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தோழி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அப்ப நான் எங்க போற? அண்டைக்கு நான் காய்ச்சலில வீட்ட கிடந்த."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. அந்த இடத்திலேயே சட்டத்தைத் திருத்தி, கதையைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் குடியுரிமை கொடுத்தோம். விரிவுரையாளரும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாலையில் பஸ் நடத்துனரிடம் எங்கள் வரலாற்றைப் பெருமையாகச் சொன்னோம். அவர் மிச்சக் காசை எண்ணிக்கொண்டே, "வெள்ளத்தால நிக்கல்ல தங்கச்சி. பஸ்ஸிட பெற்றரி பழசு, ஸ்டார்ட் எடுக்காது. அதுக்கு முதல் நாள் வெயிலுக்கயும் தள்ளினதான்" என்றார்.

தோழி அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டு மிக மரியாதையாகச் சொன்னாள்: "நானா, இத வேற ஒருத்தருக்கிட்டயும் கதைச்சிராதீங்க."